வண்டிக்கு ரப்பர் வாங்கிய படலம்

நம் வீட்டுப் பிக்கப் வண்டியின் இடப்பக்கக் கதவு சென்ற ஆண்டு சித்திரை முதற்கொண்டு சாத்த மறுத்தது. ஓங்கி அறைந்தால் சாத்தும். மெல்லச் சாத்தினாலோ, பூட்டின் நாக்கு தூணிலுள்ள கொண்டியில் விழாமல் அரை விரற்கடை கீழே நின்றுவிடும். அந்தக் கதவருகே அமர்பவர் நம் தந்தையார். வயது 74. அதற்கு முந்தின ஐப்பசி மழையில் கடைப்படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கி, மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவர். நாம் கதவை அறையும்போதெல்லாம் அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஜீப்பின் முகச்சாயலோடு மகிந்திரா கம்பெனியார் 1980-களில் செய்து விற்ற டீசல் பிக்கப் அது. நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பதினாறு வயதில் மாமன் கடையில் எடுபிடியாகத் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் வெங்காயமும் வற்றலும் விற்றுத் தலையெடுத்த தந்தையார், 1991-இல் அதை மற்றொருவர் கையிலிருந்து வாங்கினார். ராஜா கேசவதாசர் காலத்தில் ஏற்பட்ட அந்தக் கடைத்தெருவில் நம்மவர் பல தலைமுறையாக வாணிகம் செய்துவருவதைச் சங்க அன்பர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. எத்தனை மூட்டை, எத்தனை திருவிழாப் பயணம், எத்தனை பிரசவ அவசரம் அந்த வண்டியில் ஏறி இறங்கின என்று கணக்கெடுத்தால் அதுவே ஒரு தனிக் கட்டுரையாகும். கடையை இன்று தம்பி நடத்துகிறான். நமக்கோ மெட்ரிகுலேஷன் தேறியதும் ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் வாய்த்தது. கிழக்கேகோட்டை வீட்டிலிருந்து தம்பானூருக்குக் காலாற நடந்து போய்வருகிறோம்.

நிற்க. ஊரில் ஆடி மாதம் அம்மன் கொடை. மூத்த குடும்பத்தார் என்ற முறையில் முதற் பொங்கல் நம் வீட்டாருடையது. தந்தையார் அதற்குப் போயே தீரவேண்டும் என்றார். ரயிலில் போகலாமே என்றோம். நாகர்கோவிலில் இறங்கி மறு வண்டி பிடிக்கவேண்டும், பொங்கல் பானையும் விறகும் யார் தலையில் வருவது என்று கேட்டார். ரயில்வே குமாஸ்தாவின் தகப்பனார் ரயிலை நம்பமாட்டேன் என்கிறார், இதை யாரிடம் போய்ச் சொல்வது! வாடகைக் கார் என்றபோதும் தலையை அசைத்துவிட்டார். தம் வண்டியில்தான் போவாராம். வைத்தியரோ குலுக்கல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிழக்கேகோட்டையிலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர்.

பழைய வண்டியைக் கழித்துவிட்டுப் புதிதாக ஒரு சிறு சரக்கு வண்டி வாங்கவேண்டும் என்று தம்பி ஓராண்டாகச் சொல்லிவருகிறான். கதவு அவன் கட்சிக்கு வலுவூட்டியது. கீலைத் தட்டி நிமிர்த்தினால் சரியாகும் என்று எண்ணி வண்டியை நாம் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்குள்ள மூத்த மெக்கானிக்கை எல்லாரும் ஆசான் என்று அழைப்பார்கள். அவர் கதவை ஒரு முறை திறந்தார், மூடினார், பிறகு கீழே குனிந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தார். கதவின்மேல் குற்றமில்லை, கால் மடங்கிவிட்டது என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள வண்டியின் அமைப்பைச் சற்று அறியவேண்டும். இக்காலத்துச் சிறு கார்களில் கூடும் சட்டமும் ஒரே உடம்பு. பழைய ஜீப்பு, பிக்கப், லாரி ஆகியவற்றில் அவ்வாறன்று. கீழே ஏணி போன்ற இரும்புச் சட்டம் தனி, அதாவது சேஸிஸ். மேலே ஆள் உட்காரும் கேபினும் சரக்குப் பெட்டியும் தனி. இரண்டையும் நேரே இரும்போடு இரும்பாக இறுக்கினால் பள்ளத்தில் சட்டம் முறுக்கும்போதெல்லாம் தகடு கிழியும், எஞ்சினின் அதிர்வு முழுதும் ஆளின் உடம்பில் ஏறும். ஆதலால் ஒவ்வொரு பிடிப்பிடத்திலும் இடையே ரப்பர் வைத்துப் போல்ட்டால் பூட்டுகிறார்கள். இதைத்தான் பட்டறைக்காரர் பாடி புஷ் என்பர். நம் வண்டியின் கேபினுக்கு அத்தகைய பிடிப்புகள் ஆறு. இடது முன்மூலையில் உள்ள ரப்பர் நசுங்கித் தட்டையானதால் அந்த மூலை தாழ்ந்து, அதோடு கதவைத் தாங்கும் தூணும் தாழ்ந்து, பூட்டு நாக்கு கொண்டியைத் தவறவிட்டது. கீலைத் தட்டியிருந்தால் கதவு அன்றைக்குச் சாத்தியிருக்கும், கூட்டின் கோணல் அப்படியே நின்றிருக்கும்.

கூடு வேறு, சட்டம் வேறு என்ற இந்த விஷயம் கிழக்கேகோட்டைக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி பொதுப் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோது, கோமர் கம்பெனியின் சேஸிஸ் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. மேற்கூட்டை இலண்டனிலிருந்து வந்த சால்டர் துரையின் மேற்பார்வையில் இங்குள்ள தொழிலாளர்களே கட்டினார்கள். ஓரிடத்தில் பிறந்த காலும் வேறிடத்தில் பிறந்த உடலும் சேரும் இடத்தில்தான் எந்த வண்டிக்கும் வழக்கு வருகிறது. நம் ரயில்வேயிலும் இதே கதைதான். பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய மாதிரிப் பெட்டிகளில், பெட்டியையும் அடியிலுள்ள போகியையும் பிணைக்கும் தண்டுகளில் சைலன்ட் பிளாக் என்னும் ரப்பர் உண்டு. தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் நடுவில் 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ரப்பர்ப் பட்டை இருக்கிறது. பிளாட்பாரத்தில் நின்று அதைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவரும் இரார்.

பட்டறையில் ஆறு பிடிப்புகளையும் ஆசான் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடற்காற்று உண்ட போல்ட்டுகள். இரண்டு கழன்றன, மூன்றை அறுத்தெடுக்க நேர்ந்தது. ஒன்றில் கேபின் தரைக்குள் பற்றவைத்திருந்த நட்டே கழன்று போல்ட்டோடு சேர்ந்து சுற்றியது. டீசல் தொட்டியைக் கழற்றி அப்பால் வைத்த பிறகே ஆசான் அதன் அருகில் கிரைண்டரைக் கொண்டுபோனார். அவசரப்படும் பையன்கள் இதைக் கவனிக்கவேண்டும். பிறகு ஒரு நீண்ட பலகையைக் கேபினின் அடியோரத்தில் கொடுத்து ஜாக்கியால் இரண்டு விரற்கடை மட்டும் தூக்கினார். அவ்வாறு தூக்குவதற்கு முன் ஸ்டியரிங் தண்டின் பிடி, ரேடியேட்டர் குழாய்கள், கைப்பிரேக் கம்பி, கியர்த் தண்டின் உறை, மின்சார ஒயர்கள் எல்லாவற்றையும் விடுவித்தாயிற்று.

வலது பின்மூலையில் ரப்பருக்குப் பதிலாக வேறு ஏதோ இருந்தது. ஆசான் அதைத் தூசு தட்டி நம் கையில் கொடுத்தார். டயரில் வெட்டிய செருப்பின் குதிகால் பகுதி. வார் கோத்த துளைகூட மாறாமல் இருந்தது.

அன்று மாலை தந்தையாரிடம் காட்டினோம். அவர் சிறிது நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1998-இல் ஒரு நள்ளிரவில் ஆரல்வாய்மொழிக் கணவாய் அருகே, வெங்காய மூட்டைகளோடு வரும்போது அந்த ரப்பர் தெறித்து விழுந்து கேபின் சட்டத்தில் மோதத் தொடங்கிற்றாம். கைக்குக் கிடைத்தது காற்செருப்பு. வெட்டிச் செருகி, ஒற்றைச் செருப்போடு ஓட்டி வந்து விடியற்காலம் சாலையில் சரக்கை இறக்கினாராம். அந்த இரவைப்பற்றி வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நாம் அப்போது எட்டு வயதுப் பிள்ளை. காலையில் எழுந்து காசு கேட்டிருப்போம். “அதைத் தூரப் போடுலே. செருப்பு காலுக்குத்தான். அளவு கூடுதல், அதான் வண்டி சாஞ்சிட்டு,” என்றார். உண்மைதான். அந்தத் துண்டு மற்ற ரப்பர்களைவிடத் தடிப்பு. ஒரு மூலை உயர, எதிர்மூலையின்மேல் பாரம் ஏற, அந்த ரப்பர் முந்தி நசுங்கிற்று. கதவின் வியாதிக்கு மூலம் அதுவே. நாம் அதைத் தூரப் போடவில்லை.

இனி எந்த ரப்பர் வாங்குவது என்ற கேள்வி. இதில் வீடே மூன்று கட்சியாயிற்று.

ஆசானின் கட்சி, துணியிழை பதித்த கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போடுவது. இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. போர்க்கால ஜீப்புகளில் உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே தடித்த நெய்த பட்டைத் துண்டுகளே இருந்தன. அது தாங்கும், கிழியாது, மலிவு. ஆனால் நெகிழ்வு மிகக் குறைவு. தம்பியின் கட்சி பாலியூரித்தேன். சிவப்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும் ஒரு தொகுதியை அவன் வாங்கியே வந்துவிட்டான். எண்ணெய்க்கு அஞ்சாது, வெயிலில் வெடிக்காது, எளிதில் நசுங்காது. இனி ஆயுளுக்கும் தொந்தரவில்லை என்றான். விலை மும்மடங்கு. நம் கட்சி சாதாரண இயற்கை ரப்பர்.

இந்தியாவில் வாணிக முறையில் முதல் ரப்பர்த் தோட்டம் 1902-இல் தட்டேக்காட்டில் எழுந்தது. அந்த நாட்டில் குடியிருந்துகொண்டு ரப்பரின் குணம் தெரியாமல் இருப்பது வெட்கந்தான் என்று கருதி விசாரித்தோம். வெறும் மரப்பால் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சுடவைத்தால் அது நிலைப்படும் என்று கண்டார். அப்படிச் சுட்ட இயற்கை ரப்பருக்கு, அமுக்கிவிட்டால் பழைய வடிவுக்கு மீளும் குணம் மிகுதி. அதிர்வைத் தன்னுள் வாங்கி ஆற்றும். அதன் பகைவர் இருவர், எண்ணெயும் ஓசோன் காற்றும். டீசலோ எஞ்சின் எண்ணெயோ சொட்டினால் ஊறி உப்பும். வருஷக்கணக்கில் கிடந்தால் மேலே நுண்ணிய வெடிப்புகள் ஓடும். கடினத்தை ஷோர் என்னும் அளவையால் குறிக்கிறார்கள். இவ்வகைப் புஷ்களுக்கான ரப்பர் பெரும்பாலும் 60-ஐ ஒட்டி நிற்கும். பாலியூரித்தேன் 80, 90 என்று ஏறும். கடினம் ஏற ஏறப் பிடிப்பு கூடும், அதிர்வும் கூடவே ஏறி வரும்.

தம்பியோடு அன்றிரவு சொற்போர் முற்றிவிட்டது. “அண்ணே, ஒங்களுக்கு வருஷத்துல ஒரு நாள் பயணம். எனக்கு நாள்தோறும் இருபது மூட்டை,” என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வண்டியை ஓட்டிப் பிழைப்பவன் அவன். நாம் மாதச் சம்பளக்காரர். ஆனால் அந்த ஆசனத்தில் உட்காரப் போகிறவர் முதுகு ஒடிந்தவர் என்றோம். இருவர் குரலும் உயர்ந்ததைக் கேட்டுத் தந்தையார் உள்ளறையிலிருந்து விளக்கை அணைக்கச் சொன்னார். அதன் பொருள் பேச்சை நிறுத்துங்கள் என்பது.

மறுநாள் முடிச்சை அவிழ்த்தவர் ஆசான்தான். மூட்டை ஏறுவது பெட்டியிலா கேபினிலா என்று அவர் கேட்டார். பாரம் சுமக்கும் பின்பெட்டிக்கு நெகிழ்வு வேண்டியதில்லை, அங்கே பெல்ட்டுத் துண்டே போதும். ஆள் உட்காரும் கேபினுக்கு இயற்கை ரப்பர். இப்படிப் பிரித்ததும் சண்டைக்கு இடமில்லாமற் போயிற்று. தம்பி சிவப்புத் தொகுதியைக் கடையில் திருப்பிக் கொடுத்தான். இன்னொன்றையும் ஆசான் மறைக்காமல் சொன்னார். பெரிய பள்ளத்தின் குத்தலைப் புஷ் தடுக்காது. அது வில் பட்டையின் வேலை, டயர்க் காற்றின் வேலை. புஷ் ஆற்றுவது எஞ்சினின் ஓயாத நடுக்கத்தையும் தகட்டின் இரைச்சலையுந்தான். ஆகவே வில் பட்டைகளின் இடையே துரு சுரண்டிக் கிரீஸ் இட்டோம். முதுகுநோவுக்கு மருந்தாகப் புஷ்ஷை மட்டும் வாங்க நினைப்பவர் ஏமாறுவர்.

வாங்கும்போது நாம் ஏமாந்த கதையையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். முதலில் ஓர் உதிரிபாகக் கடையில் வாங்கிய ஆறு ஜோடியும் கண்ணுக்குக் கறுத்து மின்னின. வீட்டில் மடக்கிப் பார்த்தால் வளைவில் மயிரிழை போல் வெடிப்பு. அலமாரியில் பல ஆண்டு தூங்கிய சரக்கு, மேலே எண்ணெய் தடவி மினுக்கியிருந்தார்கள். இரண்டாம் முறை நகத்தால் அழுத்தி, தழும்பு உடனே மறைகிறதா என்று பார்த்தோம். விரலால் தேய்த்துக் கரி ஒட்டுகிறதா என்றும் பார்த்தோம். பழைய ரப்பரோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். முப்பதாண்டு அமுங்கிய ரப்பரின் உயரம் அதன் உண்மையான உயரமன்று.

ரப்பருக்கு இவ்வளவு பாடுபட்டு இரும்பில் கஞ்சத்தனம் காட்ட இருந்தோம். புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழல் இருக்கவேண்டும். கடையில் தந்த பொட்டலத்தில் அது இல்லை. இல்லாவிட்டால் என்ன, நட்டை அளவோடு முறுக்கினால் போயிற்று என்று நினைத்தோம். ஆசான் சிரித்தார். குழல் இல்லாமல் முறுக்கினால் நட்டு எங்கே நிற்கும்? ரப்பர் பிதுங்கிக்கொண்டே போகும், பின்பு தளரும். நம் வண்டியில் சட்டத்தின் தாங்கிக்கு மேலே வரும் ரப்பர் 30 மில்லிமீட்டர், கீழே வருவது 20, நடுவே தாங்கித் தகடு 4. மொத்தம் 54. குழலை 48-ஆக வெட்டச் செய்தார். நட்டு இறுகும்போது ரப்பர் ஆறு மில்லிமீட்டர் அமுங்கியதும் வாஷர் குழலின்மேல் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் ஒருவன் எவ்வளவு பலசாலியானாலும் ரப்பரை நசுக்க முடியாது. ஆறு குழலும் ஒரே அளவாக வேண்டுமென்பதால் லேத்துப் பட்டறைக்கு நாமே போய் நின்றோம். அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதை அன்பர்கள் பார்த்திருக்கலாம். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 800. சதுர மில்லிமீட்டருக்கு அத்தனை நியூட்டன் இழுவை தாங்கும். அடுத்த எண், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிரந்தரமாக நீளாமல் நிற்கும் என்பது. துருவேறாத எஃகு போடலாமே என்று கடைக்காரர் ஆசை காட்டினார். கடலோர ஊரில் அது கேட்க இனிமை. ஆயினும் வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகைக்கு வலிமை 700-தான். அன்றியும் உப்புக் காற்றில் அது தன்னோடு ஒட்டிய சாதாரண இரும்பை முந்தி அரிக்கச் செய்யும். நாகமுலாம் பூசிய 8.8 போதும் என்று தீர்த்தோம். நம் வண்டியில் அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்து கிடந்தன. மூன்றேகால் அங்குல நீளப் போல்ட்டு என்று மட்டும் கேட்டு வாங்கிவந்து பயனில்லை. முக்கால் அரை அங்குலம், அதாவது எட்டில் மூன்று அங்குலக் கனம் 9.525 மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர்ப் போல்ட்டைக் கண்ணால் பார்த்தால் அதுவே போலிருக்கும், மரை வேறு. பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் பாழ். பழைய நட்டைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்கினோம். நட்டுகள் உள்ளே நைலான் வளையம் பதித்தவை. வாஷர்கள் ரப்பரின் முகம் முழுவதையும் மூடும் அகலத்தில்.

முன்னிடது மூலைக்கு மேலே எஞ்சின் எண்ணெய் கசிந்து வழிந்த தடம் இருந்தது. புதிய ரப்பரை அங்கே வைக்குமுன் கசிவை அடைத்தோம். இதற்கு இரண்டு நாள் கூடுதலாயிற்று. தம்பி கடைக்கு வாடகை வண்டி பிடித்தான், முணுமுணுக்காமல்.

ஆறும் பூட்டி வண்டியை இறக்கியபோது கதவு ஒரு விரல் பட்டதும் சாத்திற்று. அன்று மாலை பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், விளக்கு மங்கல். ஹாரன் இருமுகிறது. புது ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்பது ஒருவர் புத்தியிலும் ஏறவில்லை. கேபினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த்துப் பட்டையைக் கழற்றியவர்கள் மீண்டும் மாட்டவில்லை. கம்பி வழியே போகவேண்டிய மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே திரும்பிக்கொண்டிருந்தது. கேபிள் தொட்டால் சுட்டது. இன்னும் சற்று விட்டிருந்தால் கருகியிருக்கும். நல்லவேளையாகக் கோயில் வாசலிலேயே கண்டுபிடித்தோம்.

கொடைக்கு முதல்நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை. தம்பி ஓட்டினான். தந்தையார் இடப்பக்கம், முதுகுக்கு ஒரு தலையணை. நாம் பின்பெட்டியில் பானையோடும் விறகோடும். களியக்காவிளை தாண்டியபோது சிறு சன்னல் வழியே பார்த்தோம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடிபட்ட பின் உட்கார்ந்தபடி அவர் தூங்கி நாம் கண்டதில்லை. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், எதற்கும் அவர் விழிக்கவில்லை.

ஆரல்வாய்மொழியில் காற்று வழக்கம்போல் ஆளைத் தள்ளிற்று. தந்தையார் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லித் தாமே கதவைத் திறந்து இறங்கினார். சாலையோரத்தில் ஓரிடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். எதற்கென்று நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி ஏறி இரண்டு விரலால் கதவைச் சாத்திவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து எஞ்சின் ஓட்டத்தைக் கேட்டார்.

“பின்னால வலது மூலையில ஒரு நட்டு இன்னும் கொஞ்சம் முறுக்கணும்லே,” என்றார்.

எல்லாம் சரியாக முறுக்கியதுதான் என்று தம்பி மறுத்தான். புது ரப்பர் அமர்ந்தபின், சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும், ஒரு முறை எல்லா நட்டையும் பார்க்கவேண்டும் என்று ஆசான் சொல்லியிருந்தார். கொடை முடிந்து திரும்பி அடுத்த வாரம் பட்டறையில் பார்த்தோம். ஐந்து நட்டுகள் அசையவில்லை. வலது பின்மூலையில் உள்ளது கால் சுற்று வாங்கிற்று.